பிழையை நம்பிய பக்கங்கள்

வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, பக்க அமைப்பின் பொதுவிதிகள் சிலவற்றைப் பிறழவே கொண்டது. ஆயினும் அதற்கு இன்னொரு பிழையும் உண்டு: விதிக்கு முன் நட்சத்திரக் குறியிட்டு ஒருவகையில் எழுதினால், பிற உலாவிகள் புறக்கணிப்பதை அது ஏற்றுக்கொள்ளும். பக்கம் அமைப்போர் அப்பிழையையே மருந்தாக்கிக் கொண்டனர்.

2006 அக்டோபரில் ஏழாம் பதிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே கணிப்பொறிகளை அடைந்தது. அதில் நட்சத்திரப் பிழை திருத்தப்பட்டிருந்தது. பழைய குறைகள் சில நீடித்தன. மருந்து போயிற்று, நோய் எஞ்சிற்று. ஒழுங்காயிருந்த பக்கங்கள் கலைந்தன. பதிப்பெண்ணை வெளிப்படையாகச் சுட்டி விதி எழுதும் முறையே அப்போது கைகொடுத்தது.

பிறர் பிழைமீது எழுப்பிய சுவர், அப்பிழை திருந்தும் நாளில் சரியும் அன்றோ?