ஐம்பத்தைந்து டன் எடையும் ஒரு பல் நுனியும்

மலேசியாவில் உள்ள தெலுக் பங்லிமா காராங்கின் மண் மெத்தென்றிருக்கும். ஒரு பக்கம் லங்காட் ஆறு, பாலத்தைத் தாண்டினால் பூலாவ் கேரி, அதற்கப்பால் கடல். ஆறும் கடலும் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த களிமண்மேல்தான் அங்குள்ள வீடுகளும் தொழிற்சாலைகளும் செம்பனைத் தோட்டங்களும் நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் தோட்டத்துப் பக்கம் நடந்து பாருங்கள், சேறு காலணியைப் பிடித்துக்கொள்ளும். அதே தோட்டத்தில் 20 டன் எடையுள்ள எஸ்கவேட்டர் ஒன்று, கால்வாய் ஓரமாகச் சாவகாசமாக ஊர்ந்து தூர் வாரிக்கொண்டிருக்கும். 30 கிலோ எடையுள்ள பிள்ளையின் கால் புதைகிறது. 20,000 கிலோ இயந்திரம் புதையவில்லை. எப்படி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்கவேட்டருக்குச் சக்கரத்துக்குப் பதில் இரண்டு இரும்புப் பட்டைகள். இரண்டும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 4 சதுர மீட்டர், அதாவது 40,000 சதுர சென்டிமீட்டர். 20,000 கிலோவை அத்தனை இடத்துக்கும் பங்கு போட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோதான் வரும். நீங்கள் நடக்கும்போதோ, ஒரு கணம் உங்கள் எடை முழுவதும் ஒரே குதிகாலில் இறங்குகிறது. உங்கள் எடை 30 கிலோ, குதிகாலின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இயந்திரத்தைவிட நீங்கள்தான் மண்ணை இரண்டு மடங்கு அழுத்துகிறீர்கள்! எவ்வளவு எடை என்பது மட்டும் போதாது, அந்த எடை எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். இதைத்தான் அறிவியலில் அழுத்தம் என்கிறோம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, நிரப்பி, நன்றாக மூடுங்கள். ஈரக் களிமண்ணில் முதலில் நேராக நிறுத்திப் பாருங்கள். பிறகு தலைகீழாக, மூடி கீழே இருக்கும்படி பிடித்து வையுங்கள். கையால் அழுத்தாதீர்கள், சாயாமல் பிடித்தால் போதும். இரண்டு பள்ளங்களின் ஆழத்தையும் ஒரு குச்சியால் அளந்து எழுதி வையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை, ஆனால் பள்ளம் மாறியிருக்கும்.

எஸ்கவேட்டர் புதையாமல் இருக்கச் செய்யப்பட்டது. இதற்கு நேர்மாறாக, கீழே இருப்பதில் புதைந்து போவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரமும் உண்டு. அது வேலை செய்யும் இடம் குப்பை மேடு. அதன் பெயர் கம்பேக்டர்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து எஸ்கேவிஇ நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் பூச்சோங் வட்டாரத்தை அடையலாம். அங்கே ஆயர் ஹீத்தாம் என்ற இடத்தில் 1995ஆம் ஆண்டு ஒரு குப்பை மேடு திறக்கப்பட்டது. வெறுமனே கொட்டிவிட்டுப் போகும் இடமல்ல அது. அடியில் நீர் கசியாத விரிப்பு, கழிவுநீரைச் சேர்க்கும் குழாய், வாயுவை எடுக்கும் கிணறு என்று முறைப்படி அமைக்கப்பட்ட மலேசியாவின் முதல் குப்பை மேடு. கிள்ளான் பள்ளத்தாக்கு நகரங்களின் குப்பையை அது 2006ஆம் ஆண்டின் இறுதிவரை வாங்கிக்கொண்டது. பிறகு மூடினார்கள், மேலே மண் போட்டார்கள், புல் வளர்ந்தது, இன்று அது ஒரு பூங்கா. தெலுக் பங்லிமா காராங் இருக்கும் கோலாலங்காட் மாவட்டத்திலேயே தஞ்சோங் துவா பெலாஸ் என்ற இடத்தில் 2010 முதல் இதேபோன்ற இன்னொரு மேடு இயங்கிவருகிறது.

இத்தகைய மேடுகளில் காலையில் லோரிகள் வரும்போது முதலில் நிற்பது எடைமேடையில். லோரி உள்ளே போகும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. இரண்டின் வித்தியாசம் குப்பை. லோரி கொட்டியதைப் புல்டோசர் தள்ளிப் பரப்பும். புல்டோசருக்கும் பட்டைதான், ஆகவே அதுவும் மெதுவாகத்தான் மிதிக்கும். பரப்புவதில் கெட்டிக்காரன், நசுக்குவதில் சுமார்தான். அதற்குப் பின்னால் வருகிறது கம்பேக்டர்.

பெரிய கம்பேக்டர் ஒன்றின் எடை 55 டன். டயர் கிடையாது. ஆணியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் இடத்தில் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? நான்கும் எஃகு உருளைச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். சக்கரத்தைச் சுற்றி வரிசை வரிசையாக எஃகுப் பற்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். எந்தக் கணத்திலும் சில பற்களின் நுனிதான் குப்பையில் இறங்கும். சக்கரத்துக்கு ஐந்து பல், மொத்தம் இருபது பல், ஒரு நுனியின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 55,000 கிலோவை 2,000 சதுர சென்டிமீட்டருக்குப் பங்கு போட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோவுக்கு மேல் வருகிறது. எஸ்கவேட்டர் பட்டையின் அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் அதிகம்! பல் உள்ளே இறங்கும், அட்டைப் பெட்டியைக் கிழிக்கும், டின்னைத் தட்டையாக்கும், போத்தலுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளும்.

இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் குப்பையை நன்றாகத் தெரிந்தவர்கள். பற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் துணியையும் பிளாஸ்டிக்கையும் சுரண்டித் தள்ள இரும்பு விரல்கள் வைத்தார்கள். கம்பியும் கயிறும் அச்சில் சுற்றிக்கொள்ளாமல் இருக்கத் தடுப்பு வைத்தார்கள். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைகள் ரேடியேட்டர்மேல் ஒட்டினால் இன்ஜின் சூடாகும். அதனால் சில இயந்திரங்களில் மின்விசிறி அவ்வப்போது எதிர்த்திசையில் சுழன்று அவற்றை ஊதித் தள்ளும். இன்ஜினைச் சுற்றிச் சேரும் காகிதமும் பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்கக்கூடும். எனவே வேலை முடிந்ததும் ஓட்டுநர் வண்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும். நாற்றத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் நாள் முழுக்க இதை ஓட்டுகிறவர்களின் திறமையைப் பற்றி யாரும் பாடப்புத்தகத்தில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை தடவை மிதிப்பது என்பதும் அந்தத் திறமையில் சேரும்: ஒரே இடத்தை மூன்று முதல் ஐந்து தடவை மிதிக்க வேண்டும். குறைந்தால் காற்று தங்கும், கூடினால் டீசல்தான் வீண்.

நசுக்கி என்ன பயன்? வீட்டுத் தொட்டியில் கிடக்கும் குப்பை ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோதான் தேறும். மீதி எல்லாம் காற்று. கம்பேக்டர் மிதித்தபின் அதே கன மீட்டரில் 700, 800 கிலோ அடங்கும். மேட்டின் ஆயுள் பல மடங்கு கூடுகிறது. இடம் மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு அருகே மீத்தொட்டமுல்லவில் முறையில்லாமல் உயர்ந்திருந்த குப்பை மலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரியாக அடுக்கி, இறுக்கி, சரிவைக் குறைத்து, மழைநீருக்கு வழிவிட்டுக் கட்டுவது மேட்டைச் சுற்றி வாழ்பவர்களைக் காக்கும் வேலை.

ஆனால் கம்பேக்டருக்கும் போகக்கூடாத இடம் ஒன்று உண்டு. மேட்டின் அடியில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் தடிமன் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் நிலத்தடி நீரில் கலக்காமல் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. அதன்மேல் வரும் முதல் அடுக்கில் நீளக் கம்பியோ கட்டையோ இருக்கக்கூடாது. பொறுக்கியெடுத்த மென்மையான குப்பையை ஒரு மீட்டருக்கு மேல் பரப்பும்வரை கம்பேக்டர் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். ஒரே ஒரு பல் விரிப்பைத் துளைத்தால், அந்த ஓட்டையை அடைக்க மேட்டையே தோண்ட வேண்டியிருக்கும்.

நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் மேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1948இல் திறந்து 2001 மார்ச்சில் மூடப்பட்ட அது, உலகின் மிகப்பெரிய குப்பை மேடுகளில் ஒன்று. பரப்பு 2,200 ஏக்கர். நகரத்துக் குப்பை அங்கே படகுகளில் போனது. கரையில் நின்ற கிரேன்கள் அள்ளியெடுத்துப் பெரிய வண்டிகளில் போட, வண்டிகள் குன்றின்மேல் ஏறின. அங்கேயும் இப்போது பூங்கா உருவாகிவருகிறது.

மேடு மூடப்பட்டதும் கனரக வண்டிகள் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆனால் அவை செய்துவைத்த காரியம் உள்ளே தொடர்கிறது. காற்றை வெளியேற்றினார்கள் அல்லவா? காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல வீடாகிறது. முதல் சில நாட்கள் எஞ்சிய ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அது தீர்ந்ததும் வேறு கூட்டம் வந்து உணவுக் கழிவை அமிலங்களாக உடைக்கும். அந்த அமிலங்களிலிருந்து ஆர்க்கியா என்ற மிகப் பழைமையான நுண்ணுயிர் வகை மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இதுபோன்ற ஆர்க்கியாக்கள் மாட்டின் வயிற்றிலும் இருக்கின்றன, கோலாலங்காட்டின் நீர் தேங்கிய சதுப்பு நிலத்துச் சேற்றிலும் இருக்கின்றன. மேட்டில் ஊறும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. நூறு ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்டால், மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். அதை அப்படியே வெளியே விடக்கூடாது.

அதற்காக வருவது துளையிடும் இயந்திரம். மேட்டில் அகலமான குழி போட்டு, ஓட்டைகள் நிறைந்த குழாயை இறக்கி, சுற்றிலும் சரளைக் கல் நிரப்புவார்கள். ஓர் ஊதுகருவி வாயுவை மெதுவாக உறிஞ்சும். மெதுவாகத்தான் உறிஞ்ச வேண்டும், அவசரப்பட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து குப்பை தீப்பற்றக்கூடும். ஆயர் ஹீத்தாமில் 2004ஆம் ஆண்டு இந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை மலேசிய மின் நிறுவனமான தெனாகா நேஷனல் குழுமம் தொடங்கியது. பெயர் ஜானா லேண்ட்ஃபில், திறன் 2 மெகாவாட். முழுத் திறனில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 2,000 யூனிட். ஒரு வீடு நாளுக்கு 10 யூனிட் செலவழிப்பதாக வைத்தால், 4,800 வீடுகளுக்குப் போதும். நேற்றைய சோறும் காய்கறித் தோலும் தந்த மின்சாரம் அது!

குப்பை மட்கி வாயுவாகவும் நீராகவும் போகப் போக, மேடு மெல்லக் கீழே இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்காது. அதனால்தான் மூடிய மேட்டில் வீடு கட்டுவதில்லை, புல்லும் நடைபாதையும் போடுகிறார்கள். ஆழமாக வேர்விடும் மரங்களையும் தவிர்ப்பார்கள், வேர் மேல்மூடியைத் துளைத்துவிடும்.

சென்னையில் குப்பையை அடுக்கும் வேலை தலைகீழாக நடந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த பெருங்குடி குப்பையை 2022இல் தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள். எஸ்கவேட்டர் கிளறும், வெயிலில் உலர்த்துவார்கள், பிறகு சுழலும் உருளைச் சல்லடையில் போடுவார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம் பிரிந்து விழும். மண்ணைப் பள்ளம் நிரப்பக் கொடுத்தார்கள், எரியக்கூடியவை சிமெண்டு ஆலைக்குப் போயின. சோறும் இலையும் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தன. பிளாஸ்டிக் பைகள் அப்படியே வந்தன.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராத்ஜே குப்பையைப் பற்றி 1973இல் தொடங்கிய ஆய்வில், அவரும் மாணவர்களும் பின்னாளில் பழைய குப்பை மேடுகளையே தோண்டினார்கள், ஃபிரெஷ் கில்ஸ் உட்பட. தொல்லியல் அறிஞர்கள் ஓட்டுச் சில்லைப் பார்த்துக் காலம் சொல்வார்கள். இவர்களுக்கு அதைவிட எளிய வழி கிடைத்தது. காற்றும் ஈரமும் போதாத அடுக்குகளில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் மட்காமல் கிடந்தன. பிரித்துப் படிக்கவும் முடிந்தது. அந்த அடுக்கு எந்த ஆண்டில் கொட்டப்பட்டது என்பதை முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்தே குறித்துக்கொண்டார்கள்.