சம்பளத்தோடு ஆறுதலும்

2008 நவம்பர் 26 இரவு. மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது, தப்பிக்கும் வழி தெரிந்த ஊழியர்கள் பலர் விருந்தினர்களை முதலில் வெளியேற்றினார்கள். சிலர் உயிரிழந்தார்கள். பொது மேலாளர் கரம்பீர் காங் மனைவியையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தார். ஆனாலும் பணியை விடவில்லை.

இவர்களுக்கு நிர்வாகம் என்ன செய்தது?

ஹோட்டல் மூடிக்கிடந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தது. டிசம்பரிலேயே ஓர் அறக்கட்டளை அமைத்து, இறந்தவர்களுடைய பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றது. கூடவே மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தது. பட்டாசு வெடித்தாலே பதறுகிறவருக்குக் காசோலை மட்டும் போதாதே! ஹோட்டலில் வேலை பார்க்காதவர்களுக்கும், ரயில் நிலையத்தில் சுடப்பட்டவர்களுக்கும்கூட உதவி போனது.

எல்லா முதலாளிகளுக்கும் டாடாவின் வசதி கிடையாது. ஆட்குறைப்பு, கடன், வீட்டில் ஒரு மரணம் என்று சாதாரண ஊழியர் படும் பாடு செய்தியாவதும் இல்லை. மனம் தளர்ந்தவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

ஆனால் “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற முதல் விசாரிப்பு மேலாளரின் அறையிலிருந்து வர வேண்டும். அதற்குச் செலவே இல்லை.