அரை சென்ட்

பருத்திச் செடியை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் அவை. 1933 கோடையில், வளர்ந்து நின்ற செடிகளின் மேலேயே ஏர் ஓட்டச் சொன்னபோது, நகர மறுத்து நின்றுவிட்டன என்று அமெரிக்கத் தென் மாநிலங்களில் சொல்வார்கள். அழிக்கச் சொன்னது அரசாங்கம். அழிப்பதற்குப் பணமும் கொடுத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பருத்தி விலை அடியோடு விழுந்துகிடந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று ரூஸ்வெல்ட் அரசு அந்த மே மாதம் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது மடக்கப்பட்டது. விலை ஏறவும் செய்தது. அமெரிக்க விவசாய மானியம் பிறந்த கதை இதுதான்.

பணம் யார் கைக்குப் போனது? அதைத் தெரிந்துகொள்ள ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் மாவட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. நம் ஊர் வாரம் போலத்தான். 1934 ஒப்பந்தப்படி, பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, அதில் விளைந்திருக்கக்கூடிய பருத்தியைக் கணக்கிட்டு, பவுண்டுக்கு மூன்றரை சென்ட் வாடகை. அது உடைமையாளருக்கு. விலை ஈடு என்று இன்னொரு சென்ட். அதில் பாதிதான், அதாவது அரை சென்ட்தான், வாரத்துக்குப் பயிரிட்டவருக்கு. அந்த அரை சென்ட்டும் உடைமையாளர் கை வழியாகத்தான் வர வேண்டும். பண்ணைக் கடையில் பாக்கி இருந்தால் அங்கேயே கழிந்துவிடும்.

நிலம் குறைந்ததும் ஆள் எதற்கு என்ற பேச்சு வந்தது. குடியானவர்களை ‘முடிந்தவரை’ வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த ஒரு சொல்லின் சந்து வழியாகத்தான் குடும்பம் குடும்பமாகத் தெருவுக்குத் தள்ளினார்கள். இருந்த குடும்பங்களையே வைத்திருக்க வேண்டும் என்று சட்ட விளக்கம் தந்த வேளாண் துறை வழக்கறிஞர்கள் சிலர், ஜெரோம் ஃபிராங்க் உட்பட, 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. துறைக்குள்ளேயே நியாயம் பேசியவர்களுக்குக் கிடைத்த கூலி அது.

ஆனால் அதற்கு முந்தைய ஜூலையிலேயே, அதே மாவட்டத்து டைரோன்சா ஊருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடிவிட்டார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். இனம் பிரித்தே வாழ்ந்த அந்த நாளில் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள்: தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம். முன்னின்றவர்களில் மிட்செல் சலவைக் கடைக்காரர். கிளே ஈஸ்ட் பெட்ரோல் பங்க் நடத்தியவர். அடியும் துப்பாக்கிச் சூடும் அவர்களைத் தேடி வந்தன.

இன்று பாயின்செட்டில் நெல்லும் சோயாவும் விளைகின்றன. யாருக்கு எவ்வளவு மானியம் போகிறது என்பதை, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வாங்கி, ஒரு தன்னார்வ அமைப்பு மாவட்டவாரியாக வெளியிடுகிறது. மானியத்தின் பெரும்பகுதி இன்றும் ஏக்கரைப் பார்த்தே போகிறது. நிலம் பெருத்தால் தொகையும் பெருக்கும். ஒருவருக்கான உச்சவரம்பு 1,25,000 டாலராக இருந்தது. 2025-இல் அதை 1,55,000 ஆக்கினார்கள். குறைக்க வேண்டியதை ஏற்றியது தவறு என்பதே என் கருத்து.

அந்தச் சலவைக் கடையும் பெட்ரோல் பங்க்கும் ஒட்டியிருந்த கட்டடம் டைரோன்சாவில் இப்போது அந்த விவசாயிகளுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போக வாய்க்கும் தமிழர்களே, ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.