சமவாய்ப்பு என்னும் கலைச்சொல்

தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் இறுதியாண்டாகிய பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயிலும் மாணாக்கர் நிகழ்தகவுப் பரவல்களைக் கற்கின்றனர். வணிகக் கணிதம் பயில்வோர்க்கும் இப்பகுதி உண்டு. தமிழ்வழியில் பயில்வோர் இக்கலையுட் புகுவது கலைச்சொற்களின் வாயிலாகவே. ஆதலின், அச்சொற்கள் பொருளைச் செம்மையாகக் காட்டுகின்றனவா என ஆராய்தல் தமிழ் கற்பார் கடனாம். ஈண்டு இரு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வாம்.

முதலாவது ‘நிகழ்தகவு’. நிகழ் என்னும் வினைப்பகுதியும் தகவு என்னும் பெயரும் புணர்ந்த வினைத்தொகை இது. தகவு என்பது தகுதி. ஒரு நிகழ்ச்சி நிகழ்தற்குரிய தகுதியின் அளவை இச்சொல் தெளிவுறக் காட்டுகின்றது. வினைத்தொகை காலங் கரந்து நிற்பதாகலின், நிகழ்ந்து முடிந்தும் நாம் அறியாததற்கும் இனி நிகழவிருப்பதற்கும் இஃது ஒருங்கே பொருந்துகின்றது.

இரண்டாவது ‘சமவாய்ப்பு’. முடிவை முன்கூட்டி உறுதியாகக் கூறவியலாத சோதனை, நம் பாடநூல்களில் ‘சமவாய்ப்புச் சோதனை’ எனப்படும்; அதன் விளைவை எண்ணாற் குறிப்பது ‘சமவாய்ப்பு மாறி’. நிகழ்தற்கு ஒத்த வாய்ப்புடைய நிகழ்ச்சிகளும் ‘சமவாய்ப்பு நிகழ்ச்சிகள்’ என்றே வழங்குகின்றன. வேறுபட்ட இருபொருட்கு ஒருசொல் நிற்றலின், முன்னறியவியலாதன யாவும் ஒத்த வாய்ப்புடையன என்று மாணாக்கர் மயங்க இடமுண்டாகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குவாம். மயிலம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலக்கடலையை மணிலா என வழங்குவர். பத்து விதைக்கு எட்டு முளைக்கும் தரமுடைய மணிலா விதைகளுள் ஒன்றை ஊன்றுவதாகக் கொள்வோம். அது முளைக்கும்; அன்றேல் முளையாது. விளைவுகள் இரண்டே, எனினும் அவற்றின் நிகழ்தகவுகள் 4/5, 1/5 என வேறுபடுகின்றன. மூன்று விதைகளை ஊன்றி, ஒன்றன் முளைப்பு மற்றொன்றைச் சாராதாயின், மூன்றும் முளைத்தற்குரிய நிகழ்தகவு 64/125. அஃதாவது பாதிக்குச் சற்று மிகுதி. சொல்லை நம்பி ஒத்த வாய்ப்பெனக் கருதிய மாணாக்கன் 1/8 எனவே விடை காண்பான். அவன் பிழைத்தது கணக்கிடுதலில் அன்று, சொற்பொருளில் என்க.

இம்மயக்கம் பேரறிஞரையும் விட்டதில்லை. ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழுதற்குரிய நிகழ்தகவு 3/4. பிரெஞ்சு அறிஞர் தலாம்பேர், 1754-இல் கலைக்களஞ்சியத்துக்கு வரைந்த கட்டுரையில் அதனை 2/3 என்றார். முதற்சுண்டலிலேயே தலை விழின் ஆட்டம் முடிதலின், தலை, பூவின்பின் தலை, பூவின்பின் பூ என்னும் மூன்றே விளைவுகள் உள எனக் கொண்டு, அவற்றை ஒத்த வாய்ப்புடையனவாக அவர் எண்ணியதே காரணம். முதலாவது விளைவின் நிகழ்தகவு 1/2; ஏனைய இரண்டும் தனித்தனி 1/4.

இலங்கைத் தமிழர் நிகழ்தகவு என்னும் சொல்லை நம்மைப் போன்றே ஆள்கின்றனர். ஆயினும் முன்னறியவியலாமையை ‘எழுமாற்று’ என்னும் வேறொரு சொல்லாற் குறிக்கின்றனர். அச்சொல்லில் ஒப்புமைப் பொருள் இல்லை. எனவே, ‘சமவாய்ப்பு’ என்பதனை ஒத்த வாய்ப்புக்கே உரியதாக்கி, மற்றைப் பொருட்கு ‘எழுமாற்று’ என்பதனை நாமும் மேற்கொள்ளுதல் தகும்.

மயிலத்தில் 1938-இல் தமிழ்க் கல்லூரி தோன்றியது. அத்தகைய நிலையங்களில் இலக்கணம் வல்லாரும் கணிதம் கற்பிப்பாரும் ஒருங்கிருந்து இத்தகு சொற்களை ஆராய்வாராயின், பயன்பெறுவார் அண்மைச் சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியிற் கற்க வரும் மாணாக்கரே ஆவர்.