எந்த உளி எதற்கு?

கான்கிரீட்டை உடைக்கும் மின்சுத்தியலுக்கு உளி தேர்ந்தெடுக்கும் முறையை இன்று கூற விரும்புகிறேன். கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்கே. ஆகவே அதனை நொறுக்குவதினும் பிளப்பது எளிது.

கூர்முனை உளி அடியின் விசையை ஒரு புள்ளியில் குவித்து விரிசலைத் தொடங்கி வைக்கும். தடித்த தளத்திற்கு அதுவே ஏற்றது. சுமார் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை உளி, விரிசலைக் கோட்டின் வழியே செலுத்தும். அகன்ற உளி, தரையோட்டையும் பூச்சையும் பெயர்ப்பதற்கு உரியது.

எந்த உளியாயினும் விளிம்பருகே தொடங்குங்கள். பிளவு திறந்த பக்கம் நோக்கி ஓடும். நடுவில் ஆழப் புதைத்தால் உளி சிக்கிக்கொள்ளும். அதனை நெம்பினால் முறியவும் கூடும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் மூச்சுக் கவசமும் அணியாமல் சுத்தியலை இயக்காதீர்கள். உடையும் கான்கிரீட்டிலிருந்து எழும் சிலிக்காத் தூசு, நுரையீரலுக்கு மீளாக் கேடு விளைவிக்கும்.