பக் நாயின் மூக்கும் சென்னைப் புழுக்கமும்

மே மாதத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நான்கரை மணிக்கே நாய்களை நடக்கக் கூட்டி வந்துவிடுகிறார்கள். தார்ச்சாலை அப்போதும் கொதிக்கும். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணியும். நாய்க்கோ பாதத்தின் அடியைத் தவிர வேறெங்கும் சொல்லும்படி வேர்வை வராது. அது மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

நாயின் நீண்ட மூக்குக்குள் காகிதம் போல மெல்லிய எலும்புகள் சுருண்டு சுருண்டு அடுக்கியிருக்கின்றன. அவற்றின்மேல் ஈரச் சவ்வு. சவ்வு முழுக்க இரத்தக் குழாய்கள். உள்ளே வரும் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்க, இரத்தம் குளிர்கிறது. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 10 முதல் 30 தடவை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300 தடவைக்கு மேல்கூட விடும். நாம் அப்படி விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மயங்கி விழுவோம். நாயின் இரைப்பு மிக மேலோட்டமானது. பெரும்பகுதிக் காற்று மூக்கு, வாய், மூச்சுக்குழாயோடு போய்வருகிறது. நுரையீரலின் காற்றறைகளை எட்டுவது கொஞ்சமே. மூக்கால் இழுத்து வாயால் விடுவதற்கும் காரணம் உண்டு. சூடேறிய ஈரக் காற்று வந்த வழியே திரும்பினால், மூக்கிலேயே ஈரம் படிந்து சூடும் அங்கேயே தங்கிவிடும்.

சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கு இந்த மூக்கு நீளமாக வாய்த்திருக்கிறது. 2003இல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனைத் தொடர்ந்து ஓடி நம் வீடுகளுக்குள் நுழைந்த பக் நாய்க்கு அது இல்லை. தட்டை முகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக அதைத் தேர்ந்து வளர்த்தார்கள். எலும்பு குறுகியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. நாசித்துளை வெறும் கீற்று. மெல்லண்ணம் நீண்டு குரல்வளையின் வாயில் தொங்குகிறது. அதன் குறட்டையைச் செல்லம் என்று வீடியோ எடுத்துப் பகிர்வதை என்னால் ரசிக்க முடியவில்லை. அடைத்த வழியில் காற்றை இழுக்க அந்த நாய் படும் பாடு அது. பலமாக இழுக்க இழுக்கத் தொண்டை வீங்கி வழி மேலும் அடைபடும். இழுக்கிற உழைப்பே உடம்பைச் சூடாக்கும். போதாக்குறைக்குக் கடலோரக் காற்றின் ஈரப்பதம் ஆவியாதலை மந்தமாக்குகிறது.

நாசித்துளையை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. கழுத்தை இறுக்கும் காலரை விட்டு, மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். வெயில் ஏறுமுன் நடை முடியட்டும். நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாய் தள்ளாடினால், நாக்கு நீலம் பாய்ந்தால், அங்கேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, அதன்பிறகு வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.