விளையாட்டு இயற்றும் சிறுகூடம்

விளையாட்டை வேலைக்கு மறுதலையாகக் கொள்வது உலக வழக்கு. சென்ற கோடை விடுமுறையில் யாம் அறந்தாங்கிக்குச் சென்றிருந்தபோது அவ்வழக்கே எமக்கு இடுக்கண் விளைத்தது. திண்ணையில் அமர்ந்திருந்த எம் அப்பத்தா, "ஏம்ப்பா, வெளையாட்டுச் செய்யிறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?" என்று வினவினார். சென்னையில் ஒரு சிறிய வீடியோ கேம் ஸ்டூடியோவில் மூன்றாண்டு பணிசெய்து மீண்டிருந்தும், ஒரு வார்த்தையில் விடை கூற எமக்கு இயலவில்லை. அன்று கூற இயலாததை மலரின் அன்பர்கட்கு ஈண்டுக் கூற முற்படுகின்றோம். இத்தொழிலிற் புக விழைவோர் நம் மாணவருள் பலர் உளர் என்பதை யாம் அறிவோம்.

ஸ்டூடியோ என்றவுடன் பெரியதொரு மாளிகையை எண்ணிக்கொள்ளுதல் வேண்டா. எம் கூடம் ஒரு வீட்டின் மாடி. கோட் எழுதுவோர் இருவர், படம் வரைவோர் இருவர், ஆட்டத்தின் விதியை வகுப்பவர் ஒருவர், ஒலியும் இசையும் அமைப்பவர் ஒருவர், கணக்கும் கடிதமும் கவனிப்பவர் ஒருவர், ஆக எழுவர். பெருநிறுவனங்களில் ஒரே விளையாட்டிற்கு நூற்றுக்கணக்கானோர், சில இடங்களில் ஆயிரவர், உழைப்பர். அங்கே ஒருவர் ஓராண்டு முழுதும் மரங்களையே வரைந்துகொண்டிருத்தலும் உண்டு. சிறுகூடத்திலோ வரைபவரே சில நாள் வாசகமும் எழுதுவார். கணக்குப் பார்ப்பவரே மாலையில் ஆடிப்பார்த்துக் குறை சொல்வார். ஒருவர்க்குக் காய்ச்சல் வந்தால் விளையாட்டே படுத்துவிடும்.

விதி வகுத்தல் என்பது யாது? நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் கல்தரையில் வெட்டப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கோடுகளைக் காணாதார் இலர். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, வழியடைக்கும். இரு பக்கத்தாரின் வலிமையும் வேறு வேறாயிருந்தும் ஆட்டம் ஒரு பக்கமே சாய்ந்துவிடுவதில்லை. புலியை நான்காக்கினால் ஆடு நிற்குமா? ஆட்டைப் பத்தாகக் குறைத்தால் புலியாடுவார்க்குச் சுவை இருக்குமா? அவ்வெண்களை முதன்முதற் கண்டவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. எத்தனை முறை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்திருப்பாரோ! சிறுகூடத்தில் விதி வகுப்பவரின் நாளெல்லாம் இவ்வாறே கழியும். ஒருவன் தாவும் உயரத்தை ஒரு சிறிது கூட்டுவதும், மறுநாள் குறைப்பதும், மூன்றாம் நாள் பழைய அளவிற்கே திரும்புவதுமாக ஒரு வாரம் சென்றதை யாம் கண்டிருக்கின்றோம். புறத்தேயிருந்து நோக்குவார்க்கு அது சோம்பலாகவே தோன்றும்.

கோட் எழுதுவார் நிலை வேறு. திரையில் அசைவதாக நாம் காண்பது உண்மையில் அசைவதன்று. ஒரு விநாடிக்கு அறுபது படங்கள் அடுத்தடுத்து மாறுகின்றன. எனவே ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16 மில்லி விநாடியே. அதற்குள் ஆடுபவர் அழுத்திய விசையை அறிந்து, ஒவ்வொரு பொருளும் இருக்குமிடத்தைக் கணித்து, மோதுவன மோத, வீழ்வன வீழ, ஒளியும் நிழலும் இட்டு முடித்தல் வேண்டும். சிறிது தாமதித்தாலும் ஆட்டம் திக்கும். இவற்றையெல்லாம் அடியிலிருந்து எழுதுவார் இன்று அரியர். எஞ்சின் என்னும் ஆயத்த மென்பொருளின்மீதே பெரும்பாலோர் கட்டுகின்றனர்.

பக் எனப்படும் பிழைகளைப் பற்றி ஒன்று சொல்லுவோம். ஒரு கண்காட்சியில் எம் விளையாட்டைப் பொதுமக்கள் ஆடுமாறு வைத்திருந்தோம். ஆறு மாதமாக நாங்கள் எழுவரும் ஆடி ஆடிச் சோதித்தது. வந்த முதற் சிறுமி இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாள். கதைத்தலைவன் தரையினூடே வீழ்ந்து, வீழ்ந்துகொண்டே இருந்தான். எழுவரில் ஒருவர்க்கும் அவ்விரண்டையும் ஒருங்கே அழுத்தத் தோன்றவில்லை. தாம் செய்ததைத் தாமே சோதிப்பார் தாம் நினைத்த வழியிலேயே நடப்பர்; அதனாற்றான் அயலாரைக் கொண்டு ஆடுவித்தல் இத்தொழிலில் இன்றியமையாததாயிற்று.

அதனினும் எம்மை வருத்தியது தமிழெழுத்து. "பெண்" என்று எழுதுங்கால் கொம்பு முன்னும் பகரம் பின்னுமாக நாம் காண்கின்றோம். ஆனால் கணினியின் நினைவில் யூனிகோட் முறைப்படி பகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே நிற்கும். எழுத்தைத் திரையில் இடும்போது கொம்பை முன்னே கொணர்தல் எஞ்சினின் கடமை. ஆங்கில எழுத்திற்கு இவ்வேலை இன்மையால், எஞ்சின் இயற்றியோர் பலர் இதனை நெடுங்காலம் கருதவேயில்லை. விளைவு யாதெனின், எம் விளையாட்டிற் "கொடி" என்பதன் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடந்தன. வேறு வழியின்றி வாசகம் ஒவ்வொன்றையும் படமாக வரைந்து ஒட்டினோம். நானூறு வரிகள்! பின்னர் ஒரு பாத்திரத்தின் பெயர் மாறிற்று. அப்பெயர் வந்த இடமெல்லாம் மீண்டும் வரைதல் நேர்ந்தது. தமிழ்நாட்டில், தமிழர் எழுவர் கூடி, தமிழில் ஒரு விளையாட்டு இயற்றப் பட்ட பாடு இது. கோடோ என்னும் இலவச எஞ்சின் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்த நான்காம் பதிப்பு முதல் இத்தகைய எழுத்துக்களைச் சீர்ப்படுத்திக் காட்டுகின்றது. இனிப் புகுவோர்க்கு அந்நானூறு படங்கள் வேண்டா.

நிற்க. தமிழ்க்குடும்பமொன்றின் கதையைக் கடல் கடந்து வாழ்வார் விளையாட்டாக்கி உலகறியச் செய்ததை ஈண்டுக் கூறாதொழியலாகாது. கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்றொரு சிறுகூடம் உளது. அபி என்பார் வடிவமைத்து அக்கூடத்தார் 2023ஆம் ஆண்டு ஜூலை 31இல் வெளியிட்ட விளையாட்டின் பெயர் "வெண்பா". தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. 1988ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அதில் வாளும் துப்பாக்கியும் இல்லை. ஆடுவார் செய்வது சமையல். வெண்பா தன் தாயிடமிருந்து கொணர்ந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. அழிந்த வரியை ஊகித்து, இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினாற் சரியாக வேகும் என்று ஆய்ந்து செய்தல் வேண்டும். மகன் வளர்ந்து ஆங்கிலமே பேசத் தலைப்படுங்கால், தாய் கூறும் தமிழில் அவனுக்கு விளங்காத சொற்கள் திரையில் மங்கித் தோன்றுகின்றன. ஒரு மொழி ஒரு வீட்டினின்றும் நழுவுவதை உரைநடையிற் கூறப் பல பக்கம் வேண்டும். அவ்விளையாட்டோ ஒரு மங்கலான எழுத்தாற் கூறிவிடுகின்றது.

அவ்விளையாட்டை ஆடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆகும்; இயற்றுதற்கோ ஆண்டுகள் சென்றன. 2024ஆம் ஆண்டில் இண்டிபெண்டெண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் என்னும் விழாவின் முதற்பரிசும், பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் முதற்படைப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. எத்தனை பெரிய நிறுவனத்தார்க்கும் எட்டாத பரிசு அது என்று எம் கூடத்தில் அன்று யாம் இனிப்பு வழங்கினோம். வழங்கியதற்குக் கடைக்காரர்க்குக் கடன் சொன்னோம் என்பதையும் மறைத்தல் முறையன்று.

பொருள் நிலைக்கு வந்துவிட்டோம். ஒரு விளையாட்டை இயற்றும் ஆண்டுகளில் வருவாய் ஒரு காசும் இல்லை. செலவோ மாதந்தோறும் உண்டு. வெளியீட்டாளர் முன்பணம் தருவதுண்டு. விற்பனையில் அதைக் கழித்துக்கொண்ட பின்னரே பெரும்பாலும் இயற்றியோர்க்குப் பங்கு வரும். ஸ்டீம் என்னும் இணையக் கடையில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர் கட்டணம்; விற்பனையிற் பொதுவாக நூற்றுக்கு 30 பங்கு கடைக்கு. 2024ஆம் ஆண்டில் மட்டும் அக்கடைக்குப் புதிதாக வந்தவை 18,000க்கு மேல். அத்திரளில் ஒன்று கண்ணிற்படுதல் எளிதா? புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறுகூடத்தார் "ராஜி" என்னும் விளையாட்டிற்காக 2017ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் கிக்ஸ்டார்ட்டர் வழியே பொருள் திரட்ட முயன்று குறித்த தொகையை எட்டாதொழிந்தனர். எனினும் கைவிடாது 2020ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அமெரிக்கராகிய எரிக் பரோன் நாடகக்கொட்டகையிற் பணிசெய்துகொண்டே, நான்காண்டிற்கு மேல் தனியொருவராக உழைத்து, 2016ஆம் ஆண்டில் "ஸ்டார்டியூ வேலி" என்பதை வெளியிட்டார். அது நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இளைஞர் அவர் கதையையே மேற்கோள் காட்டுவர். எம் கருத்தோவெனில், அவரை எடுத்துக்காட்டாகக் கொள்வது குலுக்குச்சீட்டில் வென்றவனைப் பார்த்துச் சீட்டு வாங்குவதையே ஒக்கும். அவர் உழைப்பைப் போற்றலாம். அவர் வருவாயை எதிர்பார்த்துப் பெற்றோரிடம் வாக்குக் கொடுத்தலாகாது.

கருவியும் பிறர் கையது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் யூனிட்டி என்னும் எஞ்சினின் உரிமையாளர், குறித்த அளவிற்குமேல் விளையாட்டு நிறுவப்படுந்தோறும் கட்டணம் என்று அறிவிக்கவே, உலகெங்கும் உள்ள சிறுகூடத்தார் கலங்கினர். ஓராண்டு கழித்து அத்திட்டம் கைவிடப்பட்டது.

எம் கூடம் யாது ஆயிற்று என்று கேட்பீர்கள். வெளியீட்டாளர் கருத்து மாறினார்; முன்பணத்தின் இரண்டாம் பகுதி வரவில்லை. இறுதி மூன்று மாதம் நள்ளிரவு வரை உழைத்தோம். அவற்றுள் இரண்டு மாதத்திற்குச் சம்பளம் இல்லை. ஆட்டம் முக்காற்பங்கு முடிந்த நிலையில் நின்றுவிட்டது. ஆடாத விளையாட்டிற்காகவா மூன்றாண்டு என்று வருந்தினோம். எனினும் அச்சிறுமி தரையினூடே வீழ்ந்தவனைக் கண்டு கைகொட்டிச் சிரித்ததும், பக் திருத்தியபின் மறுநாளும் வந்து நெடுநேரம் ஆடியதும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இத்தொழிலிற் புகுவார்க்கு யாம் கூறுவது ஒன்றே: கணக்குப் புத்தகத்தை முதல் நாளே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்; எத்தனை மாதத்திற்குப் பணம் உண்டு என்று வாய்விட்டு வினவுங்கள். அதில் நாணம் வேண்டா.

பணம் வைத்தாடும் இணையச் சூதையும் இதனையும் ஒன்றாகக் கருதுவார் அறந்தாங்கியிலும் உளர். அப்பத்தாவும் முதலில் அவ்வாறே அஞ்சினார். அவரை வாயாற் தெளிவித்தல் அரிதென்று கண்டு, எம் மடிக்கணினியில் "வெண்பா"வைத் திறந்து இட்டிலித் தட்டு வரும் இடத்தைக் காட்டினோம். யாம் முதன்முறை ஆடியபோது இருமுறை தவறிய இடம் அது. அப்பத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்று நோக்கி, "அந்த நடுத்தட்டத் திருப்பி வையி" என்றார். வைத்தோம், வெந்தது. "சரி, இதுக்கும் சம்பளம் வருமா?" என்றார் மறுபடியும்.